முதல் கோடு

பதினொரு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். "அவசரமே இல்லீங்க சார், பொறுமையா யோசிங்க, பதினொண்ணுக்குள்ள சொன்னாப் போதும்" என்று ஷோரூம் பெண் மோனிஷா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இப்போது மணி பத்து இருபது. நாற்பது நிமிஷத்தில் ஒரு மனுஷன் எப்படிப் பொறுமையாக யோசிப்பது என்று நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. இத்தனைக்கும் கேள்வி சின்னது. புது வண்டிக்கு செராமிக் கோட்டிங் போடலாமா, வேண்டாமா. போடுவதென்றால் வண்டி மூன்று நாள் இங்கேயே நிற்கும். ஷோரூமின் பின்பக்கம் கொண்டுபோய், கழுவி, பாலிஷ் போட்டு, பெயின்ட்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சைப் பூசிக் காயவைத்துத் தருவார்கள். வேண்டாமென்றால் இன்றைக்கே, பதினொன்றரைக்கு, நல்ல நேரத்தில் மாலை போட்டு சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தலையை இப்படியோ அப்படியோ ஆட்டினால் முடிந்தது. ஆனால் வசந்தாமணி சின்னியம்பாளையத்தில் பஸ் ஏறிவிட்டாள். எட்டு வருஷத்துக்கு அப்புறம், அவன் ஓட்டுகிற வண்டியில் உட்காரச் சம்மதித்து அவன் பெண்டாட்டி வந்துகொண்டிருக்கிறாள். வந்தவளிடம், வண்டி மூன்று நாள் கழித்துத்தான், வா பஸ்ஸிலேயே திரும்பிப் போகலாம் என்றால் சரிங்க என்பாள். அவள் எதற்கும் சரிங்க என்றுதான் சொல்வாள். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டால் வரமாட்டாள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே? அதுவும் வாயில் வரவில்லை. பூச்சில்லாத வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போக அவனுக்குப் பயமாக இருந்தது.

சோபா மெத்தென்று உள்ளே இழுத்தது. அவனுக்கு இப்படிப்பட்ட சோபாவில் உட்கார்ந்து பழக்கமில்லை. காலையில் வந்ததும் கால் தன்னால் ஷோரூமின் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. அங்கே தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் டிரைவர்களுக்கென்று ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து யாரோ விட்டுப்போன பேப்பரை இருபது நிமிஷம் படித்திருக்கிறான். மோனிஷா தேடிக்கொண்டு வந்து, "அய்யோ சார், நீங்க ஏன் சார் இங்க உக்காந்திருக்கீங்க?" என்றபோது பெஞ்சிலிருந்த மற்ற நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த நாலு பேர் பார்வையில் பொறாமையா கேலியா என்று இப்போது வரை தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் ஊரார் வண்டியை ஓட்டியவன். கோயம்புத்தூரில் ஆக்டிங் டிரைவர் என்பார்கள். வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓட்ட ஆள் வேண்டும்போது போய், ஓட்டிக்கொடுத்துவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற வேலை. நடுவில் ஏழு வருஷம் ஒரு மில்லுக்காரர் வீட்டில் நிரந்தரமாக இருந்தான். எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் ஒரு சுற்று சுற்றி வந்து எங்கெங்கே கோடு விழுந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வான். ஏற்கெனவே இருக்கிற கோட்டைத் தன் தலையில் கட்டிவிடக்கூடாது பாருங்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து அவன் கண்ணே அப்படி ஆகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலில் நிற்கிற வண்டியின் பம்பரைப் பார்க்கும்.

மோனிஷா காட்டிய வித்தை வேறு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. பழைய பானட் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி, நடுவில் டேப் ஒட்டி, ஒரு பாதிக்குப் பூச்சு, மறுபாதி மொட்டை. பாட்டில் தண்ணீரை இரண்டு பக்கமும் ஊற்றினாள். மொட்டைப் பக்கம் தண்ணீர் அசடு வழியப் படர்ந்து நின்றது. பூச்சுப் பக்கம் சேம்பிலையில் ஓடுவதுபோல் முத்து முத்தாக உருண்டு ஓடிப்போயிற்று. அப்புறம் மார்க்கரால் கிறுக்கினாள், துடைத்தாள், போய்விட்டது. "கோடு விழுகாதா அம்மிணி?" என்று கேட்டான். "சின்னச் சின்னக் கோடெல்லாம் விழாதுங்க சார்" என்றாள். அந்த சின்னச் சின்ன என்பதை எவ்வளவு மெதுவாகச் சொன்னாள்! கல் தெறித்தால்? பைக்கில் போகிறவன் ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போனால்? அதற்கு இந்தப் பூச்சு என்ன செய்யும், பாவம். இதெல்லாம் அவனுக்குத் தெரியாததா? எத்தனை முதலாளிகளுக்கு அவனே சொல்லியிருக்கிறான், "வேஸ்ட்டுங்க சார். நெழல்ல நிறுத்துங்க, நல்ல துணியில தொடைங்க, போதும்" என்று. எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறான்! ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி. அடுத்தவன் வண்டி என்றால் அறிவு வேலை செய்கிறது. சொந்த வண்டி என்றதும் அடிவயிறு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

புது வண்டிக்கு முதல் கோடு எங்கே விழும் என்று கேட்டால், ரோட்டில் என்பார்கள். அதெல்லாம் வண்டி ஓட்டாதவர்கள் பேச்சு. முதல் கோடு பூஜையில் விழும். பானட்டில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமத்தை வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கோயிலிலிருந்து கிளம்புவார்கள். வீடு வந்து சேர்வதற்குள் வெயிலில் சந்தனம் ஓடாகக் காய்ந்துவிடும். ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். யார் எடுக்கிறார்கள்? வீட்டுக்காரர் வேட்டி நுனியால் வறட்டுத் தேய்ப்பு தேய்ப்பார். காய்ந்த சந்தனம் மணல்தான். வட்டம் வட்டமாக நூல் மாதிரி கோடு. அன்றைக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது தெரியும். சாமி பேரில் விழுந்த கோட்டுக்குச் சாமியையா கேட்க முடியும்? டிரைவரைக் கேட்பார்கள். வசந்தாமணியும் மாகாளியம்மன் கோயில் சந்தனத்தோடுதான் வருகிறாள். பூச்சுப் போட்டால் ஒரு வாரத்துக்குத் தண்ணீரே படக்கூடாதாம், சந்தனம் எங்கே வைப்பது? அவள் கேட்க மாட்டாள். சந்தன டப்பாவைத் திறக்காமலே பைக்குள் திரும்ப வைத்துவிடுவாள். அந்த மூடி திரும்ப மூடுகிற சத்தம் இப்போதே அவன் காதில் விழுந்தது. வைக்கட்டும், என்ன, தாராளமாக வைக்கட்டும், நானே ஈரத்துணி போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்தான். நினைத்த கையோடு, ஈரத்துணியில் மண் இருந்துவிட்டால் என்றும் நினைத்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அது. கர்ப்பப்பையை எடுத்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, வசந்தாமணி வீடு திரும்பிய நாள். ஆட்டோவில் குலுங்கினால் தையல் பிரிந்துவிடும் என்று மில்லுக்கார அம்மா தானாகவே சொன்னார்கள், நம்ம வண்டியிலயே கூட்டிட்டு வந்துருங்க நாச்சிமுத்து என்று. வாங்கி நாலு மாதம் ஆகாத கறுப்பு வண்டி. வழியெல்லாம் எறும்பு மாதிரி ஓட்டினான். ஒரு குலுக்கல் இல்லை. வீட்டு முன்னால் நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்தான். அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஒயர்க்கூடையோடு இறங்கினாள். கூடையை நான் வாங்கியிருக்க வேண்டும். ஏன் வாங்கவில்லை? கதவைப் பிடித்திருந்தேன். கதவு காம்பவுண்டுச் சுவரில் இடித்துவிடக்கூடாதென்று பிடித்திருந்தேன். கூடைக்குள் இருந்த அலுமினியத் தூக்குப்போசிப் பாத்திரத்தின் விளிம்பு கதவில் உரசி, கிரீச் என்றது. அவன் அப்படியே குனிந்துவிட்டான். முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு. எச்சிலைத் தொட்டுத் தேய்த்தான். "கண்ணு தெரியல? பாத்து எறங்க மாட்டயா?" என்று யார் குரலோ கத்தியது. அவன் குரல்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு சரோஜாக்கா ஓடிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளைத் தோளில் சாய்த்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வசந்தாமணி அதுவரைக்கும் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம்? ஐந்து நிமிஷமா? பத்தா? அந்தக் கணக்கு மட்டும் அவனுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. கடைசியில் அது கோடே இல்லை. அலுமினியம் ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் துணியால் துடைத்ததும் போய்விட்டது, ஒன்றுமே நடக்காதது மாதிரி வண்டி பளபளவென்று நின்றது.

அதற்கப்புறம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை பிடித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். தங்கச்சி மகள் சீருக்கு வண்டி ஒன்று கிடைத்தது, போகலாம் என்றான். "எனக்கு வண்டி ஒத்துக்காதுங்க, வாந்தி வருது, நீங்க போங்க, நான் பஸ்ஸுல வந்தர்றேன்" என்றாள். அவளுக்கு ஜென்மத்தில் வாந்தி வந்ததில்லை. வால்பாறை மலைக்குப் பஸ்ஸில் போனபோது நாற்பது வளைவிலும் கடலைப்பருப்பு தின்றுகொண்டு வந்தவள். அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் எட்டு வருஷமாக அந்த வாந்தியை இரண்டு பேரும் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். இந்த வண்டியை வாங்கலாம் என்றபோதுகூட, "உங்களுக்கு ஆசைன்னா வாங்குங்க" என்றாள். கலர் எது என்று நச்சரித்துக் கேட்டதற்கு, டிவியில் ஓடிய ஏதோ விளம்பரத்தைக் காட்டி, "இந்த நீலம் நல்லாருக்குதுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அடர் நீலம். கறுப்புக்கு அடுத்தபடி கோட்டைக் காட்டிக்கொடுக்கிற கலர். முதலாளிகளிடமெல்லாம் வெள்ளை எடுங்க, சில்வர் எடுங்க என்று சொன்னவன், மூச்சு விடாமல் நீலத்துக்குப் பணம் கட்டினான். நேற்று ராத்திரி சாப்பாடு போடும்போது, "நாளைக்கு வரட்டுங்களா?" என்று அவளாகவே கேட்டாள். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

பயம் இதுதான். பெயின்ட்டைப் பற்றிய பயமே இல்லை, அவன் கண்ணைப் பற்றிய பயம். அவள் இறங்குவாள், ஏதாவது உரசும், உரசத்தான் செய்யும், அப்போது இந்தக் கண் எங்கே போகும்? அவள் முகத்துக்கா, கதவுக்கா? ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிடுவாள். இன்னொரு தடவை பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் முடிந்தது. பூச்சுப் போட்டுவிட்டால் உரசினாலும் ஒன்றும் ஆகாது என்று மனசு நம்பும்; நம்பினால் கண் பேசாமல் இருக்கும். நம்புமா? ஒரு மாசம் ராத்திரி பகலாக ஓட்டினால் வருகிற பணத்தை அந்தப் பூச்சுக்குக் கொட்டிவிட்டு, பிறகு பூச்சில் ஒரு கோடு விழுந்தால்? அப்போது பெயின்ட்டுக்கும் சேர்த்து, பூச்சுக்கும் சேர்த்துப் பார்க்குமே இந்தப் பாழாய்ப்போன கண். ஏழு வருஷம் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே வண்டியை விற்ற ஒரு வக்கீலை அவனுக்குத் தெரியும். வெயில் காலத்தில் அவர் சட்டை முதுகோடு அந்த பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். எழுந்திருக்கும்போது பிரிகிற சத்தம் கேட்கும். வண்டியை வாங்கியவன் முதல் நாளே கிழித்துப் போட்டுவிட்டு சுகமாக உட்கார்ந்து போனான். நானும் அந்த வக்கீல் மாதிரி ஆகிவிடுவேனோ? ஆகிவிட்டேனோ?

மோனிஷா யாரோ ஒரு குடும்பத்துக்கு வண்டியைக் காட்டிக்கொண்டே வந்தவள், போன் அடிக்கவும் கையிலிருந்த கிளிப் அட்டையை, எதிரே நின்ற அவனுடைய நீல வண்டியின் பானட்டில் வைத்துவிட்டு எடுத்துப் பேசினாள். கிளிப் இரும்பு. நாச்சிமுத்து எப்போது எழுந்தான், எப்போது அந்தப் பத்தடியைக் கடந்தான் என்று அவனுக்கே தெரியாது. அட்டை அவன் கையில் இருந்தது. "சாரி சார், சாரி சார்" என்று அவள் பதறினாள். "பரவால்ல அம்மிணி" என்று வாய் சொன்னது. கண் பானட்டை மேய்ந்துகொண்டிருந்தது. ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. இன்னும் கையெழுத்துகூடப் போடவில்லை, வண்டி இன்னும் கம்பெனியுடையது. அட பாவி, வசந்தாமணி இன்னும் வந்துகூடச் சேரவில்லையே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

நாச்சிமுத்துவின் போன் அடித்தது. "ஏனுங்க, லட்சுமி மில்ஸ் ஸ்டாப்புல எறங்கீட்டனுங்க. எந்தப் பக்கம் வரணும்?" வழி சொன்னான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்க நினைத்தான், அதற்குள் அவள் வைத்துவிட்டாள். மணி பத்து ஐம்பத்தி இரண்டு. சரி. பூச்சே போட்டுவிடலாம். மூன்று நாள்தானே. அவள் காலில் விழுந்தாவது திரும்பக் கூட்டிக்கொண்டு வரலாம். பூச்சில்லாமல் மட்டும் கூடாது. இரும்பு கிளிப்புக்கே இந்தப் பாய்ச்சல் பாய்கிறவன் தையல் போட்டவளையும் தாண்டிப் பாய்வான். நாயை நம்ப முடியாவிட்டால் சங்கிலி போட வேண்டியதுதான். "அம்மிணி, போட்டுருங்க" என்றான். "சூப்பர் சார்! நல்ல டிசிஷன். ஃபார்ம் எடுத்துட்டு வந்தர்றேன்." அவள் போனாள். உடம்பெல்லாம் லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தான். ஆகவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வசந்தாமணி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "போட்டுட்டே வாங்கம்மா" என்று செக்யூரிட்டி சொன்னதைக் கேட்காமல் வெறுங்காலோடு உள்ளே வந்தாள். கோயிலுக்குக் கட்டுகிற பச்சைப் புடவை. தோளில் துணிப்பை. நேராக வண்டியிடம் வந்து, ஒரு முழம் தள்ளியே நின்றுகொண்டாள். கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"இதானுங்களா?"

"இதான்."

"நல்லாருக்குதுங்க. டிவில பாத்ததவிட நல்லாருக்குது."

"தொட்டுப் பாரு."

"வேண்டாமுங்க, கை வேர்த்துக் கெடக்குது."

"அட, தொடு வசந்தா."

முந்தானைக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து மெல்ல நீட்டினாள். அந்தக் கையில் ஒன்றும் இல்லை. முந்தானையை விலக்கி இன்னொரு கையையும் பார்த்தான். அதிலும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அந்தக் கோலத்தில் அவன் பார்த்ததில்லை. ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட நர்சம்மாவிடம் சண்டை போட்டு, மஞ்சள் கயிற்றையாவது கையில் சுற்றிக்கொண்டு போனவள்.

"வளையல் எங்க?"

"அதுங்களா? கதவுல கிதவுல பட்டுருமேன்னு பஸ்ஸுலயே கழட்டீட்டனுங்க." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "தொலைக்கலீங்க. தங்கம் ரெண்டும் பைக்குள்ள இருக்குது. கண்ணாடி வளையலயும் பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கறேன். கவலைப்படாதீங்க."

கவலைப்படாதீங்க என்று அவனுக்கு அவள் தைரியம் சொல்கிறாள். நல்ல காரியத்துக்குக் கிளம்பி வந்தவள், பஸ்ஸில் பத்துப் பேர் பார்க்க, ஒவ்வொன்றாக உருவி எடுத்திருக்கிறாள். கண்ணாடி வளையல் லேசில் கழலாது. இரண்டு கையும் புறங்கை முழுக்கச் சிவந்து கன்றியிருந்தது. அவள் வரமாட்டாளோ என்று அவன் பயந்துகொண்டிருந்தான். அவளோ வருவதற்கு இவ்வளவு செய்துகொண்டு வந்திருக்கிறாள்.

"சார், எழுதிட்டேன். இங்க ஒரு சைன்" என்று மோனிஷா வந்து நின்றாள்.

"வேண்டாம் அம்மிணி."

"என்ன சார்? இப்பத்தானே சரின்னீங்க?"

"இப்பவே வளையலக் கழட்டீட்டு வந்து நிக்கறா. அதையும் பூசி வெச்சனா, தாலியவும் கழட்டி வீட்டுல வெச்சுட்டுத்தான் ஏறுவா."

"என்ன பேச்சுங்க இது, நல்ல நாளும் அதுவுமா!" என்றாள் வசந்தாமணி.

அவன் அவள் தோளிலிருந்த பையை வாங்கினான். பேப்பர் பொட்டலத்தைப் பிரித்தான். ஒரு வளையலை எடுத்தான்.

"விடுங்க. ஊட்டுக்குப் போயி சோப்புப் போட்டு ஏத்திக்கறேன். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கையக் கொண்டா."

வளையல்காரர்கள் செய்வதுபோல் அவள் விரல்களைச் சேர்த்துக் குவித்துப் பிடித்தான். முதல் வளையல் சிரமமில்லாமல் ஏறியது. இரண்டாவது கட்டைவிரல் மூட்டில் சிக்கிக்கொண்டது. மோனிஷா ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அவன் குனிந்து, அழுத்தாமல், சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"வலிக்குதா?" என்று கேட்டான்.

இல்லீங்க என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள் வசந்தாமணி. "வலிக்குதுங்க."